பின்சீட்டுக்கு அடியில் 50 லிட்டர் காற்று

டெக்சஸில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. மாட்டுக்கு வைக்கோல் ஏற்றுகிறவர்கள் ஒரு ரகம். என்றைக்காவது எதையாவது ஏற்றவேண்டி வரும் என்று மனைவியிடம் சொல்லி வாங்கியவர்கள் இன்னொரு ரகம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கும் நான் இரண்டாவது ரகம். எங்கள் டிரக்கில் இதுவரை ஏறியதிலேயே கனமான சரக்கு, மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று அவரோடு வந்த பெட்டிகள்தான். ஒன்றில் அம்மிக்கல் இருந்தது. ஃபோர்டின் எஃப் வரிசை 1977இலிருந்து இந்த நாட்டில் மிக அதிகமாக விற்கும் டிரக்; வாங்கிய அத்தனை பேருமா மாடு மேய்க்கிறார்கள் என்பது என் தரப்பு வாதம். எங்களுடையது எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம். அடுத்து அதன் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

வண்டியோடு வந்த ஸ்பீக்கர்களில் பேச்சு நன்றாகவே கேட்கும். வழி சொல்கிற அம்மாள் திரும்பச் சொன்னால் தயங்காமல் திரும்பலாம். பாட்டில்தான் வினை. எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பாடகர் தன் வழியில் போக, பேஸ் கிடார் கீழே தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். அந்தக் கிடாரின் தடித்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். எங்கள் வண்டியின் கதவு ஸ்பீக்கர் அதற்கு வெகு முன்னாலேயே கையை விரித்துவிடும். பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற ஆதங்கம், நெரிசலில் நிற்கும்போது பெரிதாகும். கேட்டி ஃப்ரீவே, பக்கச் சாலைகளையும் சேர்த்தால், சில இடங்களில் 26 தடம் அகலம். வேண்டிய தடத்தைத் தேர்ந்தெடுத்து நிற்கலாம்.

ஆகவே ஒரு 12 அங்குல சப்வூஃபர். ஆழம் குறைந்த ரகம், சீட்டுக்கு அடியில் வைக்கிற மாதிரி. ஸ்பீக்கர் வாங்குவது சுலபம். காசு இருந்தால் போதும். பெட்டிதான் விஷயம். கடையில் செய்து விற்கும் பெட்டிகள் உண்டு. பிக்கப் டிரக்கும் பேஸும் இந்தப் பக்கத்துப் பழைய சிநேகிதர்கள்: பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில், ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் 1973இல் தொடங்கிய ஒரு கம்பெனி, 1980இல் கார்களுக்கும் டிரக்குகளுக்கும் என்றே ஒரு பெட்டி செய்து கிக்கர் என்று பெயர் வைத்தது. ஆனால் பெட்டியை நாமே கணக்குப் போட்டு, அறுத்து, ஒட்டிச் செய்யலாம் என்று தெரிந்த பிறகு, கடையில் வாங்குகிறவனை என்ஜினியர் என்று எப்படிச் சொல்வது?

சப்வூஃபர் பெட்டியில் இரண்டு வழி. ஒன்று, நாலாபக்கமும் மூடிய பெட்டி. காற்றை அடைத்துவிட்டால் முடிந்தது. இன்னொன்று, வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்ட பெட்டி. அந்த ஓட்டைக்குப் பெயர் போர்ட். பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் இந்த ஏற்பாட்டுக்கு 1930இல் காப்புரிமை கேட்டார், 1932இல் கிடைத்தது. ஓட்டைக்குக் காப்புரிமை வாங்கியவர் என்று கேலி செய்யலாம். ஆனால் அது இலேசான ஓட்டை அல்ல. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் வீணாகும் காற்றை, ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் திருப்பி விட்டு, முன்பக்கத்துக்கு ஒத்தாசையாகச் சேர்க்கிறது. அந்த ஸ்வரத்தில் கோன் ஏறக்குறைய அசையவே அசையாது. சத்தத்தின் பெரும்பங்கு ஓட்டையிலிருந்து வருகிறது. காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் சும்மா இருக்க, காசில்லாமல் வந்த ஓட்டை பாடும்.

ஓட்டைப் பெட்டியின் பெரிய குறை, அதற்கு மூடிய பெட்டியைவிட இடம் அதிகம் வேண்டும். எங்கள் வண்டியில் இல்லாத ஒரே பொருளும் அதுதான். இது என் மாமியாருக்கு ஒப்பவில்லை.

“மாப்ளே, பின்னாடி அம்புட்டு இடம் காலியாக் கிடக்கே. அங்கன வச்சா என்ன?”

“அது வெளியில அத்தை. மழை பெய்யும். பாட்டு நமக்குக் கேட்காம ஊருக்குக் கேட்கும்.”

“ஊருக்குக் கேட்கட்டுமே. நம்ம ஊர்ல அதுக்குத்தானே கட்டுவாக?”

பதில் இல்லாத கேள்வி. நான் டேப்பை எடுத்துக்கொண்டு பின்சீட்டைத் தூக்கினேன். அடியில் 140 செ.மீ. நீளம், 38 அகலம், 20 உயரம். பெருக்கினால் 106 லிட்டர். மனதுக்குள் மேளம் கொட்டியது. ஆனால் பலகைக்குத் தடிமன் இருக்கிறதே. இந்த வேலைக்கு எல்லோரும் பயன்படுத்துவது முக்கால் அங்குல எம்.டி.எஃப். பலகை, அதாவது 19 மி.மீ. மெல்லிய பலகை போட்டால் பெட்டியும் சேர்ந்து பாடும், பாடக்கூடாது. ஆறு பக்கமும் 19 மி.மீ. கழித்தால் உள்ளே 75 லிட்டர்தான். 31 லிட்டர் மரத்துக்கே போயிற்று. போர்ட் சுரங்கமும் அதன் தடுப்புச் சுவரும் 13 லிட்டரைத் தின்றன. ஸ்பீக்கரின் காந்தமும் முதுகும், பெட்டி நெளியாமலிருக்க நடுவில் வைக்கும் கட்டைகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. வண்டியின் தரை ஒரு மூலையில் மேடாக எழும்பி நிற்கிறது. அதற்காக ஒரு படி வெட்டிக் கொடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஸ்பீக்கர் கையில் நின்றது 50 லிட்டர் சொச்சம்.

என் மனைவி கணக்கர். தோளுக்குப் பின்னாலிருந்து தாளைப் பார்த்தாள். “கிராஸ் 106, கைக்கு வர்றது 50. ஏங்க, இது உங்க சம்பளச் சீட்டு மாதிரியே இருக்கே?” பெட்டிக்காரர்களும் அதே இரண்டு சொற்களைத்தான் சொல்கிறார்கள், கிராஸ், நெட். வருமான வரி இலாகாவில் இருந்த யாரோதான் இந்தத் தொழிலைத் தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது, ஓட்டை எந்த ஸ்வரத்தில் பாடவேண்டும் என்ற கேள்வி. இங்கேதான் குடும்பம் இரண்டுபட்டது. எனக்கு வேண்டியது அந்த 41 ஹெர்ட்ஸ் தந்தி. பையன் பிறந்து வளர்ந்தது ஹூஸ்டனில். இந்த ஊருக்கென்று ஒரு சங்கீதம் இருக்கிறது. 1990களில் டிஜே ஸ்க்ரூ என்ற இளைஞர், பாட்டுகளை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, கேசட்டில் பதிந்து விற்றார். 2000இல் அவர் இறந்துபோனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பளபளவென்று நிறம் தீட்டிய கார்கள் இன்றும் அந்த மந்தகதியில் நகர்வதைப் பார்க்கலாம். பாட்டை மெதுவாக்கினால் சுருதியும் கூடவே இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் குறைத்தால் 41 ஹெர்ட்ஸ் 33க்கு வந்து நிற்கும். இரண்டு தலைமுறைக்கும் நடுவே எட்டு ஹெர்ட்ஸ் தான் வித்தியாசம் என்று நான் சந்தோஷப்பட்டேன். பையன் பேரத்தை 28இல் ஆரம்பித்தான்.

“28 வைங்கப்பா. அப்பதான் நல்லா இறங்கும்.”

தட்டிவிடுவதற்குமுன் கணக்கைப் பார்ப்போம் என்றேன். இந்தக் கணக்கு மனிதகுலத்துக்குக் கிடைத்த கதையே சுவாரசியம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, உள்ளே காலியான, சிறு வாய் உள்ள பாத்திரங்கள் ஏன் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கின்றன என்று ஆராய்ந்து, 1863இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். துராஸ் அதைப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். ஆனாலும் வெகுகாலம் பெட்டி செய்தவர்களில் பலர், செய்து, கேட்டு, திட்டி, மறுபடி செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற என்ஜினியர் இதைச் சுத்தமான கணக்காக எழுதிக் காட்டினார். அதை அமெரிக்க ஆடியோ சங்க இதழ் 1971இல் மறுபதிப்புச் செய்த பிறகுதான் உலகம் பரவலாகத் திரும்பிப் பார்த்தது. சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து ரிச்சர்ட் ஸ்மால் மிச்சத்தை முடித்தார். இன்று எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் கூட வரும் எண்களுக்கு இவர்கள் இருவர் பெயர்தான். பத்து வருஷம் ஆஸ்திரேலிய இதழ் ஒன்றில் தூங்கிய விஷயத்தை இப்போது இலவச மென்பொருள் ஒரு நொடியில் சொல்கிறது. நான் அதையும் நம்பாமல் கையாலும் போட்டுப் பார்த்தேன். மனைவி ஏற்கெனவே தாளைப் பார்த்துவிட்டாளே, அதனால்.

50 லிட்டர் பெட்டி, 155 சதுர செ.மீ. வாய், 34 ஹெர்ட்ஸ். சுரங்கத்தின் நீளம் 70 செ.மீ. என்று வந்தது. பெட்டியின் நீளவாக்கில் நேராகப் படுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் 66 செ.மீ.யில் ஸ்பீக்கர் தாராளமாக உட்காரும். பையனின் 28 ஹெர்ட்ஸ் போட்டால் சுரங்கம் 109 செ.மீ. ஆகிறது. மிச்சம் 27. ஸ்பீக்கரின் குறுக்களவே 31. “நீ கேட்கிற பாட்டு வரும். அதைப் பாட ஸ்பீக்கர் இருக்காது,” என்றேன். 34இல் ராஜி ஆயிற்று.

இந்தச் சூத்திரத்தின் விஷமத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இடம் போதவில்லை என்று பெட்டியைச் சின்னதாக்கினால் சுரங்கம் சின்னதாகாது, நீளும். 50 லிட்டரை 25 ஆக்கி, அதே வாயும் அதே ஸ்வரமும் வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டர் சுரங்கம் வேண்டும். பெட்டியைவிட ஓட்டை நீளம். இப்படி ஒரு வீட்டை எந்தக் கொத்தனாரும் கட்டமாட்டார்.

நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோது மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குச் சொந்த ஊர் மானாமதுரை. கடம் செய்வதில் பேர்போன மண். தலை நிமிராமலே சொன்னார்:

“வாயைச் சின்னதாக்குங்க மாப்ளே. கடத்துக்காரர் வாயை வயித்துல ஒட்டி ஒட்டி எடுப்பாரே, பார்த்ததில்ல? ஒட்டினா குரல் கனத்து இறங்கும்ல.”

நான் பென்சிலை வைத்துவிட்டேன். ஹெல்ம்ஹோல்ட்ஸ் புத்தகத்தில் இருப்பது அதுவேதான். கடமும் என் பெட்டியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை: உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங், வாயில் நிற்கும் காற்று எடை. வாய் குறுகினால் சுருதி இறங்கும், சுரங்கம் நீளாமலே. நான் இத்தனை தாள் கிழித்துக் கண்டதை அவர் ஊர்க் கச்சேரியில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறார். சரி, வாயைப் பாதியாக்கிவிடலாம் என்று சபலம் தட்டியது.

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டுக்காரர். ஏ.சி. குழாய்கள் பொருத்தும் தொழிலிலேயே தலை நரைத்த டெக்சஸ்காரர். என் வரைபடத்தை ஒரு தரம் பார்த்தார். உனக்கு ஒலியைப் பற்றித் தெரிந்திருக்கலாம், எனக்குக் காற்றைப் பற்றித் தெரியும், வாய் குறுகினால் வேகம் ஏறும், வேகம் ஏறினால் இரையும் என்றார். அதுவும் சரி. போர்ட்டில் காற்று வினாடிக்கு 17 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது பெட்டிக்காரர்களின் பழைய அளவுகோல். தாண்டினால் தாழ்ஸ்வரத்தோடு புஸ் புஸ் என்று பாம்பும் சேர்ந்து பாடும். வாயைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிப்பு. கடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை அடிப்பது விரல், என் பெட்டியை அடிப்பது 500 வாட்ஸ். 17 மீட்டர் என்றால் மணிக்கு 61 கிலோமீட்டர். மாலை ஐந்தரைக்கு கேட்டி ஃப்ரீவேயில் எங்கள் டிரக் போகும் வேகத்தைவிட, அதன் பின்சீட்டுக்கு அடியில் காற்று வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். அது எந்தத் தடத்தில் போகிறது என்று கண்டுபிடித்தால் நானும் மாறிக்கொள்வேன்.

சுரங்கத்தின் இரண்டு முனையையும் உருட்டி வழவழப்பாக்கச் சொன்னதும் அவர்தான். கூர்மையான விளிம்பில் காற்று சுழன்று இரையும். அந்த இரண்டு முனைக்காக அவரும் நானும் கராஜில் நின்று தேய்த்த தேய்ப்பை யாரும் பார்க்கப்போவதில்லை. பெட்டி செய்வதில் இதுதான் விநோதம். பார்க்கிறவர் ஸ்பீக்கரைப் பார்ப்பார், மேலே ஒட்டிய கார்ப்பெட்டைப் பார்ப்பார். செய்தவன் உயிரை விட்டது பூராவும் ஒன்றுமில்லாத இடத்தின் அளவுக்கு.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டுக்கு நாலடிப் பலகையைக் கடையிலேயே அறுத்துக் கொடுத்தார்கள். முழுப் பலகை நாற்பது கிலோவுக்கு மேல் எடை. அதைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது டிரக்கின் பின்பக்கத்தில். இதை மனைவிக்குச் சுட்டிக்காட்டினேன். வண்டி வாங்கிய காரணம் நிறைவேறிற்று. எம்.டி.எஃப். தூள் மாவு மாதிரிப் பறந்து எல்லாவற்றின் மேலும் படியும், முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. மூலைகளில் பசையைத் தாராளமாக விட்டு இண்டு இடுக்கு அடைக்கவேண்டும். கணக்கில் இல்லாத ஓட்டை சீழ்க்கை அடிக்கும். ஆம்ப், ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு ஒயர் எல்லாம் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: ஆம்பில் சப்சானிக் ஃபில்டர் என்று ஒரு திருகு இருக்கும். ஓட்டைப் பெட்டியில் டியூன் செய்த ஸ்வரத்துக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. அவிழ்த்துவிட்ட கன்றுபோல் துள்ளி, வாய்ஸ் காயிலை முறித்துக்கொள்ளும். அந்தத் திருகைத்தான் பையனின் கை எட்டாத இடத்தில் வைத்தேன்.

முதல்முறை ஓட்டியபோது கேட்டது பேஸ் இல்லை. வண்டி. 34 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 மீட்டர். டிரக்கின் கேபினுக்குள் அது நிமிர்ந்து நிற்கவே இடமில்லை. அலையாக ஓடாமல், கேபின் காற்று மொத்தத்தையும் சேர்த்து அமுக்கி விடுகிறது. அதனால்தான் காருக்குள் கொஞ்சம் பேஸ் நிறைய பேஸாகத் தெரிகிறது. அதனாலேயே வண்டியில் தளர்ந்திருக்கும் ஒவ்வொரு திருகும் வாய் திறக்கிறது. ஸ்வரத்தைக் கீழிருந்து மேலே மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்போது எழுந்து வணக்கம் சொல்லும். ஓர் இடத்தில் வெயில் மறைப்பு. கொஞ்சம் மேலே பின்கண்ணாடி. அதற்கும் மேலே சில்லறை போடும் குழி. டாஷ்போர்டுப் பிள்ளையார் மட்டும் ஆடவில்லை, நகர்ந்தார். ஓட்டுநர் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் பயணி பக்கம் போய்ச் சேர்ந்தார். உலகத்தைச் சுற்றாமல் அம்மையப்பனைச் சுற்றியவரை, 500 வாட்ஸ் டாஷ்போர்டைச் சுற்ற வைத்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டை போட்டு அவரை உட்கார்த்தினோம்.

பிறகு பாட்டு வந்தது. அந்தக் கிடார் கீழே இறங்கி நடந்தது, படிகள் தெரிய. நான் கராஜை விட்டு வெளியே வர அவசரப்படவில்லை. பையன் தன் மெதுவான பாட்டைப் போட்டான். 33 ஹெர்ட்ஸில் முதுகுத்தண்டில் யாரோ மேசையை இழுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போர்ட் வாயில் கையை வைத்துப் பார்த்து, இரைச்சல் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தொழிலில் அதுதான் கைதட்டல்.

அடுத்த ஞாயிறு பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் புறப்பட்டோம். மாமியார் பின்சீட்டில், பெட்டிக்கு நேர் மேலே. நாதசுரம் போடச் சொன்னார். போட்டேன். தவில் சேர்ந்ததும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முகத்தில் திருப்தி இல்லை.

“தவில்ல கொஞ்சம் வாலு நீளுது மாப்ளே. அடிச்சு முடிச்ச பிறகும் கூவிக்கிட்டே இருக்கு. கூடவே காலுக்குக் காத்து வேற அடிக்குது.”

குளிரூட்டியைக் குறைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் தவில் திடீரென்று கச்சிதமாக விழ ஆரம்பித்தது. அடி விழுந்த இடத்தில் விழுந்து, நின்றது. ஆம்பில் ஏதாவது கழன்றதா என்று கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். போர்ட் வாயில் ஒரு ஈரிழைத் துண்டு, நாலாக மடித்து, இறுக்கிச் செருகியிருந்தது.

ஓட்டையை அடைத்தால் ஓட்டைப் பெட்டி மூடிய பெட்டி ஆகிவிடும். மூடிய பெட்டியில் பேஸ் ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் இறங்கும். சின்ன கேபின் ஏறக்குறைய அதே வீதத்தில் தூக்கிக் கொடுக்கும். கூட்டினால் சமதரை, அடி விழுந்ததும் நிற்கும். 28இல் பேரம் பேசுகிறவனுக்கு அது போதாது, தவிலுக்குப் போதும். இதே வேலைக்குக் கடையில் பஞ்சு அடைப்பான் விற்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். துண்டே இருக்கட்டும் என்றாள்.

இப்போது கோயிலுக்குப் போகும்போது துண்டு உள்ளே. தரிசனம் முடிந்து வண்டி கிளம்பியதும் பையன் குனிந்து அதை உருவிப் பாட்டியிடம் கொடுத்துவிடுவான். அவர் அதைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொள்வார்.